எச்சிலக்காவின் தாய்வழி

ஆராய்ச்சி நிலையத்தின் பதிவேட்டில் அவளுடைய பதவி ‘களமாதிரி சேகரிப்புத் தொழில்நுட்பர், முதல்நிலை’. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போகும் என்பதால், வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் அவளை எச்சிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஊர் ஊராகப் போய் மனிதர்களைத் துப்பவைத்துச் சம்பாதித்த பட்டம் அது.

பழங்குடி மக்கள் எப்போது, எந்த வழியாக வந்து சேர்ந்தவர்கள், யாருக்கு யார் உறவு என்று மரபணுவை வைத்துத் தேடுவது அவளுடைய பிரிவின் வேலை. அதற்காக முதல் பத்து வருடம் அவள் ரத்தம் எடுத்தாள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த பெரிய பெரிய ஆண்பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தே தோள் இறுகிப்போனது. அப்புறம் விஞ்ஞானம் கொஞ்சம் மனமிரங்கி, ரத்தம் வேண்டாம், எச்சிலே போதும் என்றது. இனி வேலை சுலபம் என்று நினைத்தாள். அடுத்த பன்னிரண்டு வருடத்தில் அந்த நினைப்பு போயே போய்விட்டது. ஊசி என்றால் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள், துப்பு என்றால் வெட்கப்பட்டான். வாய் வறண்டது, சிரிப்பு வந்தது, சிலருக்கு அழுகையே வந்தது. குழாயில் கோடு வரைக்கும் நிறைய வேண்டும். நுரை கணக்கில் சேராது. ‘நுரை கணக்குல சேராது’ என்பதை அவள் ஒரு நாளில் எண்பது தடவையாவது சொல்லுவாள். வீட்டில் கணவன் நீட்டி முழக்கிப் பேசினாலும் அதையேதான் சொல்லுவாள்.

மகன் படிக்க வெளியூர் போனதிலிருந்து வீடு என்றால் கணவன், அவள், கணவனின் அண்ணன். அந்தப் பெரியவர் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லை வரைந்த கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற மறுவாரமே சொந்த வம்சத்தை வரைய உட்கார்ந்துவிட்டார். கூடத்துச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு அந்த வரைபடம் தொங்கியது. அடியில் இவர், மேலே அப்பா, அதற்கு மேலே தாத்தா என்று ஏறி, ஏழாவது தலைமுறைக்கு மேல் விவரம் கிடைக்காததால் கொஞ்சம் இடம் விட்டு, உச்சியில் குதிரைமேல் ஒரு படைத்தளபதியை உட்காரவைத்திருந்தார். குதிரையை மட்டும் மிக நன்றாக வரைந்திருந்தார்.

தளபதிக்கும் தனக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை நிலையத்தின் கருவிகளை வைத்து அடைத்துத் தரச்சொல்லி அவர் எச்சிலக்காவை நச்சரித்தார். சொந்தக்காரர்கள் மாதிரியை உள்ளே எடுத்துப் போனால் வேலை போய்விடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் பாட்டில், அதன்மேல் அழகான கையெழுத்தில் அவர் பெயரும் தேதியும் நேரமும். உள்ளே முக்கால்வாசி நுரை. அவள் கதவை மூடினாள். இரண்டு நாள் கழித்துக் கணவன் அது என்னவென்று தெரியாமல் கழுவிக் கவிழ்த்து, அதில் சர்க்கரை கொட்டிவைத்துவிட்டான். பெரியவர் ஒரு மாதம் தேநீரில் சர்க்கரை சேர்த்துக்கொள்ளவில்லை. மருத்துவர் சொன்னதாகச் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மலைமேல் இருக்கும் அந்தக் குடியிருப்புக்கு ஒரு பயணம் வந்தது. அறுபது எழுபது வீடுகள், தகரக் கூரை போட்ட ஒரு பொதுக்கூடம், தண்ணீர் ஏற்றும் இயந்திரம் ஒன்று. பேராசிரியர், எச்சிலக்கா, ஓட்டுநர் மூவரும் ஒரு ஜீப்பில் போய் இறங்கினார்கள். பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்கிற இடம் அவருக்கே தெரியாது. கூடத்தில் கூடிய மக்களிடம் இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்ததும், கையில் இயந்திரத்தின் எண்ணெய்க் கறையோடு பின்னால் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவள்தான். வயது முப்பத்தைந்து இருக்கும். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“சார், பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு வண்டி வந்துச்சு. ரத்தம் எடுத்தாங்க. ஆளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தாங்க. அந்த ரத்தம் இப்ப எங்க இருக்கு?”

அது வேறு நிலையம், தனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று பேராசிரியர் பூசி மெழுகினார்.

“பிஸ்கட் எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியும் சார். ரத்தம்தான் தெரியல.”

கூட்டம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவைத்தார். சங்கத்தார் இரண்டு மணி நேரம் கலந்து பேசினார்கள். அதுவரை மூவரும் ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த செயலாளர் ஒரு நோட்டைப் பிரித்து வாசித்தாள். முடிவு தெரிந்ததும் நேரில் வந்து, புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பினால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எச்சிலை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் சங்கத்தைக் கேட்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினாள்.

“அப்புறம் ஒண்ணு. கேக்குறவங்களும் துப்பணும்.”

பேராசிரியர் எச்சிலக்காவைப் பார்த்தார். அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். ஓட்டுநர் அதற்குள் வாயைக் குதப்ப ஆரம்பித்துவிட்டார்.

கூடத்தின் நடுவில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மூவரையும் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் நூறு பேர். ஓட்டுநர் ஒரே மூச்சில் கோட்டுக்கு மேலேயே நிரப்பிக் கைதட்டல் வாங்கினார். பேராசிரியருக்கு ஒரு சொட்டு வரவில்லை. எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளும்படி ஒருவர் சொன்னார். புளியை நினைக்கும்படி இன்னொருவர். எதிரில் உட்கார்ந்த ஒரு சின்னப் பெண் அவருக்குத் துணையாகத் தானும் தரையில் துப்பிக் காட்டினாள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. எச்சிலக்காவின் பாடும் திண்டாட்டம்தான். ஆயிரக்கணக்கான பேரைத் துப்பவைத்தவள், தான் துப்பியது அன்றுதான் முதல்முறை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக நிரப்பி, குழாயை உயர்த்திப் பார்த்தபோது செயலாளர் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “நுரை கணக்குல சேராது மேடம்.” பேராசிரியரின் குழாயைப் பார்த்து எச்சிலக்கா சொன்னதிலிருந்து அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலைக்குள் தொண்ணூற்றாறு பேர் துப்பினார்கள். கிளம்பும்போது செயலாளர் பேச ஒரு தொலைபேசி எண் கேட்டாள். பேராசிரியர் அலுவலக எண்ணைச் சொல்ல, அவள் எழுதிக்கொள்ளவில்லை. எடுக்கிற எண்ணாக வேண்டும் என்றாள். அங்கேதான் எச்சிலக்கா தன் சொந்த எண்ணைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

பதினாலு மாதம் கழித்து முடிவு வந்தது. குடியிருப்பில் பாதிப் பேருக்கு மேல் ஒரே தாய்வழி. வேறெங்கும் அதுவரை பதிவாகாத, மிகப் பழைய கிளை. பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். ஆனால் கணினிப் பிரிவில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்த மூன்று மாதிரிகளில் மூன்றாவதிலும் அதே கிளை இருந்தது. மூன்றாவது, எச்சிலக்கா.

கதவைச் சாத்திவிட்டுத்தான் அவளிடம் கேட்டார்கள். லேபிள் மாறியிருக்குமோ, ஒரு குழாயின் எச்சில் இன்னொன்றில் கலந்திருக்குமோ என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். எச்சிலக்காவின் முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லேபிள் மாறியதாக எந்தப் பதிவேட்டிலாவது இருந்தால் காட்டச் சொன்னாள். அப்படி எதுவும் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. வெவ்வேறு நாளில், இரண்டு சாட்சிகள் முன்னால், மூன்று தடவை அவளைத் துப்பச் சொன்னார்கள். கோபத்தில் வாய் காய்ந்துபோய் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் பிடித்தது. மூன்றும் அதே. போதாதென்று தையல் கடை வைத்திருந்த அவள் தங்கையையும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு வரவழைத்தார்கள். தங்கை அக்காவுக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்து ஆத்திரத்தோடு துப்பினாள். இரண்டே நிமிடத்தில் நிறைந்தது. அதுவும் அதே.

கணினிப் பிரிவுப் பெண் வந்து மன்னிப்புக் கேட்டாள். பேராசிரியர் மட்டும் எச்சரித்தார்: இது தாயின் தாயின் தாய் என்று போகும் ஒற்றைக் கோடு, ஒருவருக்கு இருக்கும் ஆயிரக்கணக்கான முன்னோர்களில் ஒரே ஒருத்தியின் வழி. அவளுடைய வழியும் குடியிருப்பின் வழியும் பிரிந்து பதினைந்தாயிரம் வருடம் ஆகியிருக்கலாம். இதை வைத்துக்கொண்டு நான் இன்னார் என்று கிளம்பிவிடக்கூடாது.

அவள் எங்கும் கிளம்பவில்லை. மாதிரி அறைக்குப் போய்க் காலிக் குழாய்களை அடுக்கினாள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அம்மா வீட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் கிடைத்தது ஒரே பதில்: ‘அவளுக்கு யாரும் இல்ல.’ அவள் கல்யாணத்தில் தாய்மாமன் வரிசை காலியாக இருந்தபோதும், பிரசவத்துக்குத் தாய்வீட்டிலிருந்து ஒருத்தரும் வராதபோதும் இதே வாக்கியம்தான். யாரும் இல்லாதவளுக்குப் பதினைந்தாயிரம் வருடம் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையுறையோடு துடைத்ததால் எரிந்தது.

வீட்டில் சொன்னபோது கணவன் சந்தோஷப்பட்டான். பெரியவர் விசாரணை நடத்தினார். கருவி சொன்னதா, ஆள் சொன்னதா? கருவிதான். எத்தனை முறை? ஐந்து முறை. அவர் எழுந்துபோய்க் கூடத்துச் சுவரின் முன்னால் நின்றார். தளபதிக்கு வயது நானூறு, அதற்கும் அத்தாட்சி இல்லை. ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள், தம்பி பெண்டாட்டி என்றால் நம் வம்சம்தானே என்று தனக்குள் முடிவு செய்து, பென்சிலைச் சீவிக்கொண்டு அவளிடம் வந்தார். பதினைந்தாயிரம் வருடத்தை அந்த அளவில் வரைந்தால் தாள் கூரையைப் பிய்த்துக்கொண்டு இருபது மாடி உயரத்துக்குப் போகும் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னபிறகுதான் விட்டார்.

பேராசிரியரின் கட்டுரை வெளிவந்தது. அவர் மாநாடு மாநாடாகப் பறந்தார். குடியிருப்புக்குப் போகும் பயணம் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போனது. செயலாளர் மட்டும் தள்ளிப்போகவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எச்சிலக்காவின் தொலைபேசி அடிக்கும். கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். “எப்ப வர்றீங்க?” என்பாள், பதிலைக் கேட்டு, “சரி, எழுதிக்கிறேன்” என்பாள். அந்த நோட்டில் தன் பெயருக்கு எதிராக எத்தனை திங்கட்கிழமை ஏறியிருக்கும் என்று நினைத்தாலே எச்சிலக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினேழாவது திங்கட்கிழமை, “இந்த வெள்ளிக்கிழமை வரேன்” என்று சொல்லிவிட்டு விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேராசிரியர், அவள் போவது பெரிய உதவி என்று சொல்லி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவளுடைய சொந்த முடிவை மட்டும் அங்கே சொல்ல வேண்டாம், குழப்பம் வரும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் பழைய ரத்தத்தைத் தேடினாள். நாலு அலுவலகத்துக்குப் பேசி, ஐந்தாவதில் ஓர் எழுத்தர் சொன்னார்: ஆறு வருடத்துக்கு முன்னால் உறைபெட்டி பழுதாகி எல்லாம் கெட்டுப்போனது, தூக்கிப் போட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருந்து மாறி மலை ஏறினாள். கையில் தங்கையின் கடையிலிருந்து வாங்கிய சட்டை வெட்டு மாதிரிகள், பழுப்புத் தாளில், ஒரு கட்டு. கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். பேராசிரியர் எங்கே என்று செயலாளர் கேட்டாள். மாநாட்டில், என்றாள் இவள். நோட்டில் அது ஏறியது.

முதலில் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தாள். பெட்டி பழுதானது, கெட்டுப்போனது, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். பின்வரிசையில் ஒருவர், இதைச் சொல்ல ஓர் ஆள் வந்ததே பெரிசு என்றார். செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அப்புறம் தாள்களைப் பிரித்தாள். ஒரு மாதிரியை வைத்து இன்னொன்று வெட்டுகிறோம், அதை வைத்து அடுத்தது. எங்கோ ஒருத்தி கை தவறிக் கழுத்தோரம் ஒரு சின்ன நறுக்கு விழுந்துவிடுகிறது. அவள் மாதிரியைப் பார்த்து வெட்டியவர்கள் எல்லோர் சட்டையிலும் அந்த நறுக்கு வரும். சட்டையைப் பார்த்தே, இதெல்லாம் ஒரே தையல்காரியின் வழி என்று சொல்லிவிடலாம். அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஒரு மரபணு அப்படித்தான். உங்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே இடத்தில் நறுக்கு இருக்கிறது. ரொம்பப் பழைய நறுக்கு. இந்த மலைப்பக்கம் நீங்கள் இருப்பது நேற்று முந்தாநாள் சமாசாரமில்லை.

சங்கத்தில் தையல் இயந்திரம் ஓட்டுகிற பெண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். இதற்கா இத்தனை நாள், இதைத்தான் முதல் நாளே உங்க சாரிடம் சொன்னோமே என்று கேட்டார் ஒருவர். சொன்னீர்கள்தான், இப்போது அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றாள் எச்சிலக்கா. நடுவில் வரப்புச் சண்டைக்காரர்களான ஓர் அண்ணனும் தம்பியும் எழுந்தார்கள். தகப்பன் வழியையும் பார்த்தீர்களா, அதில் இவன் என் அப்பாவுக்குப் பிறந்தவன்தானா என்று எழுதியிருக்குமே என்று அண்ணன் கேட்டார். தம்பியும் அதையே கேட்க எழுந்தவர்தான். கூடம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

“குழாயில நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரு கிடையாது. எது யாருதுன்னு எனக்கே தெரியாது” என்றாள் எச்சிலக்கா. அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் வாடின.

கடைசியாக, சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னாள். “அந்த நறுக்கு எனக்கும் இருக்கு.” சொல்லிவிட்டு, ஒற்றைக் கோடு, ஆயிரத்தில் ஒருத்தி என்று பேராசிரியர் சொன்னதையெல்லாம் அவசர அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். தான் எதையும் கேட்டு வரவில்லை என்றும் சொன்னாள். முன்வரிசைப் பெண்கள் அவள் நெற்றியையும் காதையும் தாடையையும் வெளிப்படையாகவே ஆராய்ந்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை.

“பிரிஞ்சு எத்தனை வருஷம் இருக்கும்?” என்று கேட்டாள் செயலாளர்.

“பதினஞ்சாயிரம். கூடக்குறைய ஒரு ரெண்டாயிரம்.”

செயலாளர் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

“பதினஞ்சாயிரம் வருஷமா ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலயா?”

கூரைத் தகரம் அதிர்ந்தது. எச்சிலக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் செயலாளர் குரலை இறக்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “சங்கத்துப் பட்டியல்ல பேர் சேக்க முடியாதுக்கா. அது இங்க பொறந்து, இங்க நின்னு, இந்த நிலத்துக்காக அலுவலகம் அலுவலகமா ஏறி இறங்குனவங்களுக்கு. சொந்தம் வேற, பட்டியல் வேற.”

“தெரியும்” என்றாள் எச்சிலக்கா. உண்மையாகவே தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த ‘அக்கா’வை அவள் கவனிக்காமல் இல்லை. அதுவரை மேடம்தான்.

கூட்டம் கலைந்தது. கடைசிப் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செயலாளர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.

“விருந்தாளின்னா உக்காருங்க. சொந்தக்காரின்னா அந்த நாற்காலியெல்லாம் எடுத்து அடுக்குங்க. எனக்கு மோட்டார் போடணும்.”

எச்சிலக்கா கைப்பையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். நாற்பத்து மூன்று நாற்காலிகள். பத்துப் பத்தாக அடுக்கினாள். சரியில்லை, மழைச்சாரல் படும், உள்சுவரோரம் வையுங்கள் என்று தையல்காரப் பெண்களில் ஒருத்தி அதட்ட, மறுபடி தூக்கி மாற்றினாள். முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஒரு நாற்காலியைத் தொடவில்லை. தாய்வீட்டுக்குப் போய் வந்தால் இடுப்பு ஒடிகிறது என்று நிலையத்துப் பெண்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். திங்கட்கிழமை போனதும் தானும் அலுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடி பேருந்துக்கு ஓடினாள்.